ஆத்தாளுக்கு எதுக்கு முட்டு?

சொர்ணவல்லியின் பிக்கப் வண்டிக்கு மூக்கு கொஞ்சம் தூக்கல். வண்டிக்காரிக்கும் அப்படித்தான் என்று செவல்பாறைப்பட்டியில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஊரில் விளைகிற மல்லியையும் சம்பங்கியையும் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய்ப் புதுக்கோட்டை பூ மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருகிற பொம்பளை இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்திதான். மூக்கு தூக்கலாக இருந்தால் என்ன கெட்டுப்போச்சு?

ஆனால் வண்டியின் மூக்கு விஷயம் அப்படி இல்லை. வண்டியை இவளுக்கு முன் வைத்திருந்தவர் மலைப்பக்கம் எஸ்டேட்டில் ஓட்டிய ஆள். பாறையில் அடி தட்டக் கூடாதென்று முன்சக்கரம் இரண்டுக்கும் உயரமான சுருள் ஸ்பிரிங்காகத் தேடிப் போட்டிருந்தார். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். லோடு ஏறி ஏறித் தொய்ந்து கிடந்தது. பூ மூட்டைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மல்லி மல்லிதான். அம்மன் ஏறியபோதுதான் வினை வந்தது.

பங்குனியில் முத்துமாரிக்குப் பூச்சொரிதல். ஊர் எல்லையில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் அம்மனை வண்டியில் ஏற்றி, தெருத் தெருவாகக் கொண்டுவந்து, குளக்கரையில் அவள் கோயில் வாசலில் இறக்குவார்கள். வழி நெடுக வீட்டுக்கு வீடு கூடையில் பூ கொண்டுவந்து அவள் காலடியில் கொட்டுவார்கள். இதற்கென்று திருச்சியிலிருந்து ஒரு ரத வண்டி வாடகைக்கு வரும். "நம்ம ஆத்தா எதுக்கு அசலூரு வண்டியில வரணும்? என் வண்டி இருக்கு, நான் ஓட்டுறேன்" என்று சொர்ணவல்லி வாயைக் கொடுத்தது போன வருஷம்.

ஜெனரேட்டர், அலங்கார இரும்புச் சட்டம், பூசாரி என்று ஒவ்வொன்றாக ஏற ஏறப் பின்பக்கம் அமுங்கி, மூக்கு இன்னும் மேலே போனது. பூவும் விழுந்தபின் கேட்கவே வேண்டாம். பீடத்தில் நின்ற அம்மன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி ஊருக்குள் வந்தாள். பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு முகமே விழுந்துபோனது. "ஆத்தா எங்க மூஞ்சியக்கூடப் பாக்கலையே!" என்று ஒருத்தி அழுதே விட்டாள்.

விழாக் கமிட்டித் தலைவர் ஆத்மநாதன் சொர்ணவல்லிக்குப் பெரியப்பா மகன். சம்பங்கித் தோட்டக்காரர். அவர் ஓடிப்போய் ஒரு வேலமரக் கட்டையைக் கொண்டுவந்து பீடத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டி முக்கில் வண்டி திரும்பியதும் கட்டை நழுவியது. அம்மன் ஆடிய ஆட்டத்தில் பூசாரி மட்டும் கட்டிப் பிடிக்கவில்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ! அதற்குப் பிறகு ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? பொம்பளை ஓட்டின வண்டி ஆத்தாளுக்கே பிடிக்கவில்லை என்று வருஷம் முழுக்க மென்றார்கள். அந்தச் சொல் சொர்ணவல்லிக்குள் முள்ளாகக் கிடந்தது.

இந்த வருஷம் கோயில் கூட்டத்தில் ஆத்மநாதன் எழுந்து நின்று தீர்த்துச் சொன்னார்.

"ஏத்தா சொர்ணவல்லி, ஒன் வண்டி வேணாம்னு நான் சொல்லல. ஆனா ஆத்தா நேரா நிக்கணும். அதுவும் முட்டு இல்லாம நிக்கணும். ஊரையே தாங்குறவளுக்கு நாம முட்டுக் குடுக்குறதா? கேக்கவே அசிங்கமா இல்ல? முடியாதுன்னா இப்பவே சொல்லு, திருச்சிக்கு போன் போடுறேன்."

"முட்டு இல்லாம நிப்பா. போன கீழ வைங்கண்ணே" என்றாள் சொர்ணவல்லி.

சொல்லிவிட்டாள். எப்படி நிற்க வைப்பது என்பது அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் முத்துராஜைப் பிடித்துக்கொண்டாள். முத்துராஜ் கொத்தனார். ரசமட்டமும் தூக்குக்குண்டும் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டான். சோற்றுத்தட்டு கோணலாக இருந்தாலும் நேராக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவான்.

"பின்னாடி ரெண்டு பட்டை சேத்துப் போட்டா தூக்கிக் குடுக்குமே" என்றான்.

"குடுக்கும். ஊர் வாசல்ல வளைவு கட்டுனது யாரு?"

முத்துராஜ் தலையைச் சொறிந்தான். ஊர் முகப்பு வளைவு அவன் கட்டியது. போன வருஷமே அலங்காரச் சட்டத்தின் உச்சிக்கும் வளைவுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. பின்பக்கம் தூக்கினால் சட்டம் வளைவில் போய் முட்டும்.

"வளைவ வேணா இடிச்சுருவோமா?" என்றாள் அவள்.

"அடி ஆத்தி! அதுல என் பேரு போட்டிருக்குடி."

அப்படியானால் வழி ஒன்றுதான். முன்பக்கத்தை இறக்க வேண்டும்.

திருக்கோகர்ணத்தில் பட்டறை வைத்திருக்கும் அருள்தாஸிடம் வண்டியைக் கொண்டுபோனார்கள். அவன் படுத்தபடியே வண்டிக்கு அடியில் நுழைந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"வெட்டலாங்கக்கா. ஆனா ஸ்பிரிங் வெட்டுறது முடி வெட்டுற மாதிரி இல்ல. வெட்டுனா திரும்ப வளராது. அதனால மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு வண்டியில என்னென்ன லோடு ஏறும்? அதை ஏத்தி வச்சுப் பாத்துத்தான் நான் கை வைப்பேன். வெறும் வண்டிய அளந்து வெட்டுறது வெவரங்கெட்ட வேலை."

இந்தக் கேள்விக்குச் சொர்ணவல்லியை விட்டால் வேறு யார் பதில் சொல்வது? ஜெனரேட்டர் கனம், சட்டத்தின் கனம், பூசாரியின் தொப்பை உட்பட எல்லாம் சொன்னாள். பூவுக்கு வந்தபோது அவள் குரலே மாறிவிட்டது. எந்தத் தெருவில் வழக்கமாக எத்தனை கூடை வரும், தண்ணீர் தெளித்த சம்பங்கி எவ்வளவு கனக்கும், உதிரி மல்லி எவ்வளவு கனக்கும் என்று அவள் அடுக்க அடுக்க அருள்தாஸ் மணல் மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டே போனான். பூவைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லுகிறவள் அவள். மார்க்கெட் தராசு அவள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும்.

மூட்டை ஏறி, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு இறக்க வேண்டும் என்று முத்துராஜ் ரசமட்டம் வைத்துச் சொன்னான். அதன் பிறகுதான் வேலை தொடங்கியது. ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்குக்கு இருபக்கமும் கிளாம்ப் மாட்டி இறுக்கி அமுக்கினான் அருள்தாஸ்.

"அண்ணே, அங்கிட்டு நில்லுங்க. அமுங்கியிருக்கிற ஸ்பிரிங்குக்கு நேரா நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது. தெறிச்சா மூஞ்சி இருக்காது."

முத்துராஜ் சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டான்.

வெளியே எடுத்த ஸ்பிரிங்கில் சாக்பீஸால் கோடு போட்டு, கட்டிங் வீலை வைத்தான். பொறி பறந்தது. "கேஸ் வச்சு அறுத்தா சட்டுன்னு முடிஞ்சிருமே தம்பி?" என்று சொர்ணவல்லி கேட்டாள். "முடியும். ஸ்பிரிங்கும் அத்தோட முடிஞ்சிரும். சூடு ஏறுனா இரும்பு செத்துப் போயிரும்க்கா, அப்புறம் தொய்ஞ்சுகிட்டே போகும்" என்றான். முதலில் அரைச் சுற்றுதான் வெட்டினான். மாட்டி, இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, மேலே ஏறிக் குதித்து அமர வைத்துப் பார்த்தான். போதவில்லை. மறுபடியும் கழற்றி இன்னும் கொஞ்சம். இடது பக்கம் வெட்டியது எவ்வளவோ வலது பக்கமும் அவ்வளவே. சாயங்காலம் முத்துராஜ் பீடம் நிற்கிற இடத்தில் ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றது.

"சொர்ணம், என் சுவருகூட இவ்வளவு மட்டமா நின்னதில்லடி!"

சொர்ணவல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மணல் மூட்டையை இறக்கியதும் வண்டி பின்னால் எழும்பி முன்னால் குனிந்துகொண்டதை அவள் பார்க்கத்தான் செய்தாள். வெறும் வண்டி அப்படித்தான் இருக்கும், லோடு ஏறினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தது சரிதான். ஆனால் லோடு எப்போது ஏறும் என்பதை மட்டும் மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பூச்சொரிதல் அன்று மத்தியானம் பிள்ளையார் கோயிலில் ஊரே கூடியிருந்தது. நார்த்தாமலைப் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஏறியது, சட்டம் ஏறியது, பூசாரி ஏறினார். பட்டு கட்டி, எலுமிச்சை மாலை போட்ட முத்துமாரியை நாலு பேர் தூக்கிப் பீடத்தில் நிறுத்தி ஆணி இறுக்கினார்கள். குலவைச் சத்தம் எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே அடங்கியும் போனது.

அம்மன் குனிந்து நின்றாள்.

நன்றாகத் தெரிந்தது. முத்துராஜ் சட்டத்தின் உச்சியில் கட்டியிருந்த தூக்குக்குண்டு பீடத்தை விட்டு நாலு விரக்கடை முன்னால் தொங்கியது. போன வருஷம் வானத்தைப் பார்த்தவள் இந்த வருஷம் தரையைப் பார்க்கிறாள்! கூட்டத்தில் யாரோ, "ஐயையோ, ஆத்தா தலை குனிஞ்சுட்டாளே" என்று சொன்னது சொர்ணவல்லியின் காதில் விழுந்தது.

ஆத்மநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் அதே வேலமரக் கட்டை.

"என்னத்தா பண்ணி வச்சிருக்க? அவ யாருக்குத்தா தலை குனியணும்? நகரு, முன்னாடி முட்டுக் குடுத்துத்தான் நிமித்தணும்."

"முட்டு ஆகாதுன்னு கூட்டத்துல சொன்னது யாருண்ணே?"

"சொன்னேன். இப்படி நிக்க வைப்பேன்னு நீ சொல்லலையே!"

ரசமட்டம் பொய் சொல்லாது. அருள்தாஸ் வேலையிலும் குறை இல்லை. அப்புறம் எங்கே பிசகு? அந்த நேரத்தில் கூடையோடு நின்ற ஆரோக்கியம்மாள், எல்லைத் தெருக்காரி, வருஷா வருஷம் முதல் கூடை கொட்டுகிறவள், பொறுமை இழந்து கேட்டாள்.

"ஏ சொர்ணவல்லி, பூவு வாடுது. கொட்டவா, வேணாமா?"

சொர்ணவல்லி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பலகை பளிச்சென்று காலியாக இருந்தது. ஒரு இதழ் இல்லை. அட கூறுகெட்டவளே! பட்டறையில் ஊர்ப் பூ மொத்தத்தையும் அவள் அல்லவா மணலாக ஏற்றி வைத்தாள்! பூ வியாபாரிக்குப் பூ என்றாலே ஏற்றின லோடுதான். இங்கே பூ இன்னும் வீட்டு வாசலில் கூடையில் இருக்கிறது. தெருத் தெருவாகத்தான் வந்து விழும். கோயில் வாசலில் எப்படி நிற்க வேண்டுமோ அந்தக் கணக்குக்கு ஸ்பிரிங்கை வெட்டிவிட்டு, எல்லையிலேயே நிமிர்ந்து நில் என்றால் அம்மன் என்ன செய்வாள்?

அவள் ஆத்மநாதன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கட்டைய எடுங்க. ஆத்தா தலை குனியல, பூவுக்காகக் காத்திருக்கா. பூவு விழ விழ நிமிருவா."

"விழலைன்னா?"

நியாயமான கேள்வி. இந்த வருஷம் கிணறு வற்றிப் பூ வரத்து பாதிதான் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? போன வருஷம் மனசு நொந்துபோன ஜனம் கூடையை நிறைத்துக்கொண்டுதான் வரும் என்று என்ன நிச்சயம்? ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

"கோயில் வாசல்ல ஆத்தா நேரா நிக்கலைன்னா சாவிய ஒங்க கையில குடுத்துட்டு நடந்து வீட்டுக்குப் போறேன். இனிமே இந்த வண்டி அம்மன ஏத்தாது."

ஆத்மநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டை என் கையிலதான் இருக்கும். பாத்துக்க" என்று அதை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

ஆரோக்கியம்மாள் முதல் கூடையைக் கவிழ்த்தாள். வண்டி நகர்ந்தது.

அம்மனை ஓட்டுகிறவளுக்கு அம்மன் தெரிய மாட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் அல்லவா நிற்கிறாள்? சொர்ணவல்லிக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே நிற்கிற முகங்கள்தான். போன வருஷம் அந்த முகங்கள் அண்ணாந்து, தேடி, ஏமாந்து திரும்பியதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். இந்த வருஷம் என்ன ஆகிறதென்று பார்த்தாள்.

முதல் வீட்டு வாசலில் அப்பன் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்குழந்தை வண்டியைப் பார்த்ததும் கையை நீட்டியது. "அப்பா, ஆத்தா என்னையப் பாக்குறா!"

"என்னையத்தான்டி பாக்குறா" என்றாள் பக்கத்தில் நின்ற பெண். அவள் கண் நிறைந்து வழிந்தது. குனிந்திருந்தவளின் பார்வை தெருவில் நின்ற ஒவ்வொருத்தர் முகத்திலும் நேராகப் போய் விழுந்தது. ஒரு கூடை கொட்டியவர்கள் வீட்டுக்குள் ஓடி இன்னொரு கூடையோடு வந்தார்கள். பூ தீர்ந்தவர்கள் வேலியில் இருந்த அரளியை ஒடித்தார்கள், செம்பருத்தியைப் பறித்தார்கள், வேப்பங்கொத்தோடு வந்தார்கள். அவசரத்தில் தலைப்பூவை உருவப் போன ஒருத்தியை, "சூடுன பூவையாடி போடுவ, கிறுக்கி!" என்று மாமியார் அதட்டினாள். குலவைச் சத்தம் காதை அடைத்தது.

முத்துராஜ் வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி குண்டையே பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கு அம்மனைவிட அந்த நூல்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"மூணு விரக்கடை, சொர்ணம்!"

அவன் சொல்லுமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லையில் கிளம்பியபோது முன்பாரத்தில் ஸ்டியரிங் மல்லுக்கட்டியது. இப்போது கை வைத்ததும் திரும்புகிறது. பின்னால் பூ கனக்கக் கனக்க மூக்கு லேசாகிக்கொண்டே வருகிறது. வளைவை நெருங்கியபோது வேகத்தைக் குறைத்தாள். சட்டத்தின் உச்சி போன வருஷத்தைவிடத் தாராளமாக உள்ளே நுழைந்தது. வளைவில் எழுதியிருந்த தன் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் முத்துராஜ் சிரித்தான்.

மேலத் தெருவில் ரெண்டு. தண்ணீர்த் தொட்டி முக்கில் அம்மன் ஆடவே இல்லை. பூசாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழத் தெருவில் ஒரு விரக்கடை. அந்த ஒன்று மட்டும் போகாமல் நின்றுகொண்டது. கீழத் தெருவோடு வீடுகள் முடிந்துவிட்டன. குளக்கரை வந்தது. இனிப் பூப் போட வாசல் இல்லை.

சொர்ணவல்லி வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினாள். எவ்வளவு மெதுவாகப் போனாலும் கோயில் வராமல் போகுமா? வாசலில் கைப்பிரேக்கைப் போட்டாள். ஒரு விரக்கடைதானே என்று யாராவது சொல்லலாம். கொத்தனார் பெண்டாட்டியிடம் அதைச் சொல்ல முடியாது. நேர் என்றால் நேர். அவள் சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லு இன்னும் உக்காரல" என்று, சுவர் கட்டும்போது சொல்கிற மாதிரியே, முத்துராஜ் அழுகிற குரலில் சொன்னான்.

அப்போதுதான் பூசாரி மேலேயிருந்து கூப்பிட்டார். "தலைவரே, ஒங்க வீட்டுப் பூவு எங்க? வாசப்பூவு நீங்கதான போடணும்?"

கோயில் வாசலில் கடைசிப் பூ கமிட்டித் தலைவர் வீட்டுப் பூ. அது வழக்கம். கட்டையைக் காவல் காத்துக்கொண்டு வந்ததில் மனுஷனுக்கு அதுகூட மறந்துவிட்டது. அவர் பெண்டாட்டி மீனாளும் வீட்டாரும் தோட்டத்துச் சம்பங்கி மூட்டைகளோடு வரிசையாக நின்றார்கள். தண்ணீர் சொட்டச் சொட்டப் பெரிய பெரிய மூட்டைகள். ஆத்மநாதன் முதல் மூட்டையைத் தூக்கப் போனார். ஒரு கையால் தூக்க முடியவில்லை. அக்குளில் கட்டை.

அவர் வண்டியைப் பார்த்தார். மேலே முத்துமாரியைப் பார்த்தார். அவள் இன்னும் லேசாகக் குனிந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டையைத் தரையில் போட்டுவிட்டு ரெண்டு கையாலும் மூட்டையைத் தூக்கினார். கொட்டினார். அடுத்த மூட்டை. அதற்கடுத்தது. வேட்டியெல்லாம் நனைந்து போயிற்று. அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் யாரையும் கை வைக்க விடவில்லை. சொர்ணவல்லி சீட்டில் உட்கார்ந்தபடி, எதிரே குளத்துக்கு அந்தப்புறம் இருந்த பனை பானெட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு எழும்புகிறது. வண்டி எழும்புகிறது. அவளும் சேர்ந்து எழும்பினாள்.

"உக்காந்துருச்சு!" முத்துராஜ் கத்தினான். "கல்லு நேரா உக்காந்துருச்சுடி!"

அவள் இறங்கி ஓடி முன்னால் வந்து நின்று, அன்றைக்கு முதன்முதலாக அம்மனைப் பார்த்தாள். இடுப்பளவு பூவுக்குள் முத்துமாரி நெட்டுக்குத்தாக நின்றாள். முட்டு இல்லை, சாய்வு இல்லை. ஊர்ப் பூ மொத்தமும் சேர்ந்து அவளை நிமிர்த்தியிருந்தது. சொர்ணவல்லி வாய்விட்டு அழுதாள். பெருமையில் அழுகிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது; துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஆத்மநாதன் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். கீழே கிடந்த கட்டையை எடுத்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் எதுக்குண்ணே அது?" என்றாள் அவள்.

அவர் வண்டியின் முன்சக்கரத்தண்டை போய்க் குனிந்தார். நனைந்த வேட்டியோடு மண்ணில் முட்டி போட்டு, கட்டையை டயருக்கு அடியில் வைத்துக் கையால் ரெண்டு தட்டுத் தட்டி இறுக்கினார்.

"நெலைக்கு வந்தா தேருக்கு முட்டுக்கட்டை போடணும்ல?" என்றார், நிமிராமலே.